கால் மீனுக்குத் துணை

சுகாதார இன்ஸ்பெக்டர் நீளப் பிடி வைத்த வெள்ளைக் கரண்டியைத் தொட்டியின் ஓரமாக இறக்கித் தண்ணீரை அள்ளினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கொட்டினார். இரண்டாவது கரண்டியையும் கொட்டினார். மூன்றாவதைக் கொட்டவில்லை.

“பிள்ளை, இஞ்ச வந்து பாரும்” என்றார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர்; கொசுவை நுளம்பு என்பார். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எல்லாருக்கும் அவரிடம் பயம். எட்டிப் பார்த்தேன். கரண்டிக்குள் நூல் துண்டுகள் போல நாலைந்து புழுக்கள் கிடந்தன.

“தலைகீழாத் தொங்கினா அது சும்மா நுளம்பு. இது பாரும், தண்ணியோட படுத்துக் கிடக்கு. இதுதான் காய்ச்சல் நுளம்பு.”

அவருக்குப் பின்னால், முதுகில் எண்ணெய்த் தகரத்தைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தார். எஸ்டேட்டின் வாய்க்கால், குட்டை எல்லாவற்றிலும் எண்ணெய் அடிப்பது அவர் வேலை. மேலே எண்ணெய் படர்ந்தால் புழுக்கள் மூச்சு முட்டிச் செத்துவிடும். எங்கள் தொட்டியில் அடித்தால் சாகப்போவது புழுக்கள் மட்டுமல்ல.

தொட்டியின் அடியில் மூன்று பிராணிகள் அசையாமல் கிடந்தன. அவை எங்களுடையவை அல்ல. மலாய் நாட்டில், சிம்பாங் பூலாய்க்கு அருகிலிருந்த எங்கள் ரப்பர் எஸ்டேட்டுக்கும் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கும் ஒரே வெள்ளைக்கார டாக்டர். அவர் எட்டு மாத விடுப்பில் சீமைக்குப் போகும்போது, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துப் புண் கட்டும் டிரெஸராக இருந்த என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவை. ஆக்ஸோலாட்டல் என்று பெயர் சொன்னார். மெக்சிகோ நாட்டு ஏரியில் உள்ளதாம். ஒரு சாண் நீளம்; பல்லிக்கு இருப்பது போல நாலு கால், மீன் வால், தலைக்கு இரண்டு பக்கமும் மும்மூன்றாகச் சிவந்த இறகு போன்ற செவுள்கள். கண்ணுக்கு இமை கிடையாது. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, ஒன்று சேற்று நிறம். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் அவற்றைக் கால் மீன் என்றார்கள்.

டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். நிழல் வேண்டும். தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், ஓடக் கூடாது. வாரம் மூன்று தடவை மண்புழு. கடைசி வரியை என் வீட்டுக்காரர் இரண்டு முறை படித்துக் காட்டினார்: வேறு எந்த உயிரையும் தொட்டியில் விடக் கூடாது.

அவருக்கு ஆஸ்பத்திரி வேலையே தலைக்கு மேல் கிடந்ததால் பிராணிகள் என் பொறுப்பாயின. நான் தட்டிக்கழிக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம் எனக்குக் குறைப்பிரசவமாகி ரத்தம் நிற்காமல் போனபோது, அந்த டாக்டர் ஒரு பகல் முழுவதும் என் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்ட ஒரே உதவி இது.

சுண்ணாம்புக் குன்றின் அடியிலிருந்து மூங்கில் குழாய் வழியாக வரும் தண்ணீர் எங்கள் தொட்டியில் விழும். நடுப்பகலிலும் கை வைத்தால் சில்லென்று இருக்கும். ஊரெல்லாம் வெந்துகொண்டிருக்கும்போது அந்தப் பிராணிகள் உயிரோடு இருந்ததற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம். குழாயைத் திறந்தே விட்டால் புழு தங்காது. ஆனால் ஓட்டம் வந்தால் அவற்றின் செவுள்கள் முன்பக்கமாக மடங்கும், தீனி எடுக்காது. ஆகவே காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று விட்டு அடைத்துவிடுவேன். கொசுவலை போட்டும் மூடியிருந்தேன். கொசு எப்படியோ நுழைந்துவிட்டது.

“இந்தச் சீவன் புழுவைத் தின்னாதோ?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“அது அடியிலேயே கெடக்குங்க. வாய்க்கிட்ட வாரதத்தான் உறிஞ்சும். மேல மிதக்கிறத ஏறெடுத்தும் பாக்காது.”

அவர் நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதினார். “லயத்தில எத்தனை பேருக்குக் காய்ச்சல் எண்டு உமக்குத் தெரியும். டிரெஸர் வீட்டிலயே புழு இருந்தா நான் மற்றவைக்கு என்ன சொல்லுறது? ஒரு கிழமை தாறன், வாற திங்கள் வரைக்கும். புழுத் தின்னுற மீன் விட்டு வையும். வந்து பாக்கேக்க ஒண்டு இருந்தாலும் எண்ணெய்தான்.”

எண்ணெய்க்காரர் குழாயின் முனையை விரலால் அடைத்துக்கொண்டார். ஒரு சொட்டு என் வாசல் கல்லில் விழுந்து, வானவில் நிறத்தில் பரவியது.

மறுநாள் காலை, ரப்பர்ப் பால் வெட்டுக்குப் போய்த் திரும்பிய ஒருத்தி வாளியைக் கூடக் கீழே வைக்காமல் எங்கள் வேலிக்கு வந்துவிட்டாள். அவளுடைய நாலு வயது மகள் ஆஸ்பத்திரியில் ஐந்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

“ஒங்க வீட்டுத் தொட்டில காய்ச்சக் கொசு கண்டுபிடிச்சாங்களாமே, அக்கா? எம் புள்ள நாக்கு வெந்து கொய்னா மருந்துத் தண்ணி குடிக்குது. நீங்க இங்கன கால் மொளச்ச மீனுக்குச் சோறு ஊட்டுறீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “அதத் தூக்கி வெளிய போடுங்க. இல்லாட்டி நானே வந்து போடுவேன்.”

அவள் போன பிறகும் என்னால் வேலியை விட்டு நகர முடியவில்லை. லயத்திலிருந்து எங்கள் தொட்டிக்கு ஒரு கூப்பிடு தூரம்தான். அந்தக் குழந்தையைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்று யார் சொல்ல முடியும்? என் தொட்டி இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. உள்ளே போய் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்கு வந்தேன். மூடியைத் திறந்தும் விட்டேன்.

வெள்ளைக் கால் மீன் அப்போதுதான் மூச்செடுக்க மேலே வந்தது. ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு, கைகால்களை விரித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கியது. மூடியைத் திருகி மூடினேன். ஆறு நாள் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிச் சமையல்காரர் தூண்டில் போடுகிறவர். அவரிடம் கேட்டேன்.

“புழு திங்கிற மீனா? புயூ இருக்கு லா. தரையில போட்டாக்கூட நாள் பூரா சாவாது. கெடச்சதெல்லாம் திங்கும்” என்றார். ஊரில் பனையேறிக் கெண்டை என்பார்களே, அதைத்தான் இங்கே மலாய்ப் பெயரால் புயூ என்பது. நண்பகலுக்குள் இரண்டு பிடித்து வந்தார். சாகாது என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. அது மற்றதைச் சாகடிக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை.

விட்டவுடன் இரண்டும் மேலே சுற்றி வந்து புழுக்களை விழுங்கின. மனம் லேசாகி உள்ளே போய் உலை வைத்தேன். அரிசி கொதிப்பதற்குள் திரும்பி வந்து பார்த்தால், தண்ணீரில் சிவப்பு நூல்கள் மிதந்தன. வெள்ளை ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. அதன் இடது பக்கச் செவுள்களில் ஒன்று அடியோடு காணவில்லை; இன்னொன்று கிழிந்து தொங்கியது. அசைகிற சிவப்பு இழைகளைப் புழு என்று நினைத்துப் புயூ கடித்துத் தின்றிருக்கிறது. அது மறுபடி பாய்வதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

கூடையைத் தேடப் பொறுமையில்லாமல் கையை விட்டுப் பிடித்தேன். முதுகு முள் உள்ளங்கையில் ஏறியது. இரண்டையும் வெளியே எறிந்த பிறகுதான் கையிலிருந்து ரத்தம் தொட்டியில் சொட்டுவது தெரிந்தது.

மாலையில் என் வீட்டுக்காரர் கைக்கு மருந்து வைத்துக் கட்டினார். “எழுதியே குடுத்திருக்காரே, வேற உசுர விடாதேன்னு” என்றார்.

“விடலேன்னா எண்ணெய். விட்டா கடி. நான் என்னங்க செய்ய?”

அவர் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். அன்று காலை, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பிரட்டில், ஆட்கள் வரிசையாக நின்று கொய்னா வாங்கும்போது, யாரோ ஒருவர் அவர் முகத்துக்கு நேரே “ஒங்க வீட்டுக் கொசுவுக்கும் ரெண்டு முழுங்கு குடுங்க” என்று சொல்லியிருக்கிறார். அதை அவர் என்னிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்து.

புதன்கிழமை நான் செய்ததுதான் இன்னும் பெரிய தப்பு. நான் யோசித்தே செய்தேன், அதுதான் வேதனை. செதிலும் முரட்டு வாயும் உள்ள மீன் ஆகாது. மெத்தென்ற தோலுள்ள சின்ன மீனாக இருந்தால் கடிக்காது, கால் மீன் அதைத் தின்றுவிட்டாலும் குற்றமில்லை என்று கணக்குப் போட்டேன். சமையல்காரர் விரல் நீளத்தில் நாலு கெளுத்திக் குஞ்சுகள் கொண்டுவந்தார். வழவழவென்றிருந்தன. விட்டேன்.

வியாழன் காலையில் கறுப்பு வாயைப் பிளந்தபடி கிடந்தது. வாய்க்கு வெளியே ஒரு வால் துடித்துக்கொண்டிருந்தது. கெளுத்தி ஆபத்து என்றதும் பக்கத்து முட்கள் இரண்டையும் விறைப்பாக நீட்டிப் பூட்டிக்கொள்ளும். அதை நான் எப்படி மறந்தேன்? எத்தனை கெளுத்திகளை இந்தக் கையால் ஆய்ந்திருக்கிறேன்! உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் அது தொண்டையில் குறுக்கே நின்றது.

ஈரத் துணியில் ஏந்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் புண் கட்ட வந்திருந்தவரை உட்கார வைத்துவிட்டு வந்தார். “தலைய அசையாமப் பிடி. அழுத்தாதே” என்றார். அது என் கையில் எலும்பே இல்லாதது போல இருந்தது. அவர் சின்னக் கத்தரியை உள்ளே விட்டு முதலில் ஒரு முள்ளை நறுக்கினார். அடுத்ததை நறுக்க நெடுநேரம் ஆனது. பிறகு இடுக்கியால் மீனை இழுத்தார். வந்துவிட்டது. கூடவே ரத்தமும் வந்தது.

அறை வாசலில் அந்தப் பால் வெட்டுக்காரி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கறுப்பைத் தொட்டியில் விட்டபோது நீந்தியது. மத்தியானம் அடியில் போய் ஒருக்களித்துப் படுத்தது. மாலையில் தொட்டுப் பார்த்தேன். விறைத்துப் போயிருந்தது. மிச்சமிருந்த கெளுத்திகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியேற்றிவிட்டு, தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். எனக்காகவா, அதற்காகவா, போன வருஷத்துக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை அது.

தொட்டியில் புழுக்கள் முன்னைவிட அதிகமாகியிருந்தன.

வெள்ளிக்கிழமை குன்றின் அடிவாரத்து ஓடைக்குப் போனேன். யாரும் சொல்லிப் போகவில்லை; வீட்டில் இருக்க முடியவில்லை. அங்கே சில சீனப் பெண்கள் முழங்கால் தண்ணீரில் குனிந்து, அகன்ற மரத்தட்டில் மணலைச் சுழற்றி ஈயம் அரித்துக்கொண்டிருந்தார்கள். ஓடை தேங்கி நின்ற ஒரு நிழலான மடுவில் தண்ணீரை உற்றுப் பார்த்தேன். கொசு கூட்டமாகப் பறந்தது. ஆனால் தண்ணீரில் ஒரு புழு இல்லை. மேல்மட்டத்தில் சின்னச் சின்ன மீன்கள் அசையாமல் நின்றன. ஒவ்வொன்றின் உச்சந்தலையிலும் ஒரு வெள்ளிப் பொட்டு மின்னியது.

என் வயதிருக்கும் ஒரு சீனப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் கடைவீதி மலாய்தான். மீனைக் காட்டிப் பெயர் கேட்டேன்.

“கெப்பாலா தீமா” என்றாள். ஈயத் தலை என்று அர்த்தம். தட்டின் அடியில் படிந்திருந்த ஈய மணலைக் காட்டி, மீனின் தலையைக் காட்டிச் சிரித்தாள்.

“தாக் கீகிட்?” கடிக்காதா?

அவள் என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு ஒன்றைக் குவித்த கைகளில் அள்ளி என்னிடம் நீட்டினாள். என் சுண்டுவிரலைவிடச் சிறியது. முதுகில் தடவினேன், முள் இல்லை. வாய் மேல்நோக்கி இருந்தது, அடியில் கிடப்பதைப் பொறுக்கும் வாயல்ல. இரண்டு தடவை ஏமாந்திருந்ததால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் தன் வேலையை நிறுத்திவிட்டு, தலைத்துணியை அவிழ்த்து வலை போல விரித்து, இருபதுக்கு மேல் பிடித்து என் குடத்தில் போட்டாள். ஏன் இவ்வளவு செய்தாள் என்று தெரியவில்லை. அதன் பிறகு அவளை நான் பார்க்கவுமில்லை.

இந்த முறை நேராகத் தொட்டியில் விடவில்லை. துத்தநாகத் தொட்டி ஒன்றை நிழலில் வைத்துக் குளிர்ந்த நீர் நிரப்பி, சேற்று நிறக் கால் மீனை அதில் விட்டேன். ஐந்து ஈயத்தலைகளையும் விட்டேன். வெள்ளைக்கு ஏற்கெனவே காயம். அதை வைத்துச் சோதிக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை காலையிலிருந்து முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்தேன். தண்ணீர் சூடேறாமல் இருக்க அவ்வப்போது கொஞ்சம் மொண்டு, புதிதாக ஊற்றினேன். மீன்கள் மேலேயே நின்றன. கால் மீன் மூச்செடுக்க எழும்பியபோது எல்லாம் சிதறி ஓடின. செவுளை ஒன்றும் சீண்டவில்லை.

பத்து மணி வாக்கில் ஒன்று வழிதவறிக் கீழே இறங்கியது. கால் மீன் தலையைத் திருப்பியது. அவ்வளவுதான், மீன் இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். கறுப்பின் திறந்த வாய்தான் கண்ணுக்குள் நின்றது. ஒரு மணி நேரம் நின்றேன். அது இரண்டு முறை விழுங்கிவிட்டு, வழக்கம் போலக் கால்களைப் பரப்பிப் படுத்தது. அடுத்த தடவை மூச்செடுக்க வந்தபோது வாயைச் சுத்தமாக மூடியது. கடிக்காத மீன் என்பது மட்டும் போதாது, விழுங்கினாலும் கொல்லாத மீனாக இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

மத்தியானம் எல்லாவற்றையும் பெரிய தொட்டியில் விட்டேன். வெள்ளையின் பக்கத்திலேயே இருந்தேன். சாயங்காலம் வரை அதன் கிழிந்த செவுளை எந்த மீனும் தொடவில்லை.

இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலையே வந்துவிட்டார். வேறு எஸ்டேட்டுக்குப் போகும் வழியாம். எண்ணெய்க்காரரும் கூடவே. வேலிக்கு வெளியே லயத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

“இன்னும் ஒரு நாள் இருக்குங்களே” என்றேன்.

“நுளம்பு நாள் பாக்காது, பிள்ளை.”

கரண்டி இறங்கியது. சுத்தம். மறு மூலை. சுத்தம். குழாயடி, பாசி படர்ந்த இடம், வலையின் நிழல் விழும் இடம். அவர் ஒவ்வொன்றையும் சாய்த்து, திருப்பி, மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு. ஒன்பது. பத்தாவது கரண்டியில் அவர் கை நின்றது. உள்ளே ஏதோ துள்ளியது. என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்தார்.

“இது என்ன மீன்?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

ஈயத்தலை ஒன்று கரண்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

சொன்னேன். எங்கே கிடைத்தது, எப்படிச் சோதித்தேன் என்று எல்லாம் சொன்னேன். கறுப்பைப் பற்றியும் சொன்னேன். அவர் மீனை மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிட்டு எண்ணெய்க்காரரிடம், “இதுக்கு வேண்டாம். நாளைக்கு அந்த ஓடையில வலை போடு. லயத்துத் தண்ணிப் பீப்பாய்களுக்கும் வேணும்” என்றார். பிறகு சைக்கிளில் ஏறினார்.

பால் வெட்டுக்காரி மகளோடு அடுத்த வாரம் லயத்துக்குத் திரும்பினாள். குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தாலும் காய்ச்சல் விட்டிருந்தது. அவள் என்னிடம் வெகு நாள் பேசவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

டாக்டர் திரும்பி வந்தபோது தொட்டியடிக்குத்தான் முதலில் வந்தார். இரண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தமிழ் அவருக்கு ஓரளவு வரும்.

“கறுப்பு எங்கே?”

என் வீட்டுக்காரர் சொல்லத் தொடங்கியதும் நான் குறுக்கிட்டு நானே சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் முகம் சிவந்தது.

“நான் எழுதிக் கொடுத்தேன். வேறு உயிர் கூடாது என்று. எனக்குக் கடிதம் போட்டிருக்கலாம்.”

“கடுதாசி கப்பல்ல போய்ச் சேர ஒரு மாசம் ஆகுங்க, துரை. எனக்குக் குடுத்தது ஒரு வாரம்.”

அவர் தொட்டிப் பக்கம் திரும்பினார். வெள்ளையின் இடது செவுள் அதற்குள் முழுசாக வளர்ந்திருந்தது, மற்றவற்றைவிட வெளிர் சிவப்பாக. குனிந்து அதைக் கவனித்தார். பிறகு, “இந்த மீன்கள் இருக்கட்டும்” என்றார். மன்னிப்பா, உத்தரவா என்று தெரியவில்லை.

அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. தன் பங்களாத் தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியில்லை என்று எங்களிடமே விட்டுவைத்தார். வெள்ளை மேலும் இரண்டு வருஷம் இருந்தது. சேற்று நிறம், எங்களுக்கு ஈப்போவுக்கு மாற்றலாகி நாங்கள் சாமான் கட்டும்போதும் அடியில் கால் பரப்பிக் கிடந்தது. புதிதாக வந்த டிரெஸரின் மனைவியிடம் அதை ஒப்படைத்தேன். தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. அவளை முக்காலியில் உட்கார வைத்து, ஒரு காலைப் பொழுது முழுவதும் தொட்டியைப் பார்க்கச் சொன்னேன்.